இலை தழைக்கிறது, கிழங்கு உருளவில்லை, வந்ததிலும் மண் வாசம்: மலையில் வீட்டுப் பீட்ரூட்

கோவையிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு சென்டில் பீட்ரூட் போட்டிருக்கிறீர்கள். கோழி எரு தாராளமாகக் கொடுத்திருக்கிறீர்கள். நூறு நாள் ஆகியும் இலைதான் தழைதழையென்று நிற்கிறது, கிழங்கு சுண்டுவிரல் தடிமனைத் தாண்டவில்லை. ஓரத்தில் உருண்ட நாலைந்தைப் பிடுங்கிச் சமைத்தால் மண் வாசம் அடித்து, பிள்ளைகள் தட்டில் ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் மாமியாருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போய் வீடே பயந்திருக்கிறது. "விதை போலியா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். கேள்வி விதையைப் பற்றியது என்றாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கிழங்கு ஏன் உருளவில்லை, மண் வாசத்தை எப்படிப் போக்குவது, இதைப் பயமில்லாமல் சாப்பிடலாமா? நான் தோட்டக்கலை படித்தவள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த மலையில் காய்கறி போடுகிறவர்களோடுதான் வேலை. கேத்தி பாலாடா பக்கம் சொந்தமாகப் பதினைந்து சென்ட் வைத்திருக்கிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை, அதனால் மூன்றாவது கேள்வியில் எனக்குத் தெரிந்த எல்லைக்குள் நின்றுகொள்கிறேன்.

விதை போலியாக இருந்தால் இலையே பீட்ரூட் இலையாக வந்திருக்காது. சிவப்பு நரம்பும் சிவப்புத் தண்டுமாக நன்றாகவே வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதனால் விதைமேல் பழி போட வேண்டாம். ஆனால் அந்த விதையை ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய மிளகு அளவில், கரடுமுரடாக, காய்ந்த தக்கை போல இருக்கும். நாம் விதை என்று சொல்கிற அது ஒரு விதை இல்லை. இரண்டு மூன்று பூக்கள் சேர்ந்து காய்த்து ஒட்டிக்கொண்ட கொத்து. உள்ளே இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு விதைகூட இருக்கும். நீங்கள் ஒரு குழியில் "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு விதை போட்டிருந்தால் அங்கே ஆறு செடி முளைத்திருக்கும். ஆறும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றால் ஒன்றும் உருளாது. பீட்ரூட் நட்டுத் தோற்கிற வீட்டுத் தோட்டங்களில் நான் பார்த்த முதல் காரணம் இதுதான். உரக் குறையோ பூச்சியோ எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முளைத்த செடியைப் பிடுங்க யாருக்கும் மனசு வருவதில்லை. விதைத்து, தண்ணீர் ஊற்றி, பத்து நாள் காத்திருந்து முளைத்ததை நாமே பிடுங்குவதா என்று தோன்றும். ஆனால் பீட்ரூட்டில் அந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். மூன்று நான்கு இலை வந்ததும், அதாவது இருபதிலிருந்து இருபத்தைந்து நாளுக்குள், ஒரு சாணுக்கு இரண்டு செடி என்ற கணக்கில் விட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்பது வழக்கமான பரிந்துரை. முந்தின நாள் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டால் மண் இளகியிருக்கும். நிற்க வேண்டிய செடியின் அடியை இடது கை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு பக்கத்துச் செடியை உருவினால் வேர் அசையாது. அசையும் என்று தோன்றினால் சின்னக் கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்டி நறுக்கிவிடுங்கள். உருவியதை வீணாக்க வேண்டாம். இளம் இலை நல்ல கீரை. பாலக்கும் பீட்ரூட்டும் ஒரே இனத்துச் செடிகள், ஒன்றை இலைக்காகவும் இன்னொன்றைக் கிழங்குக்காகவும் மனிதர்கள் பிரித்து வளர்த்திருக்கிறார்கள். ஆக, அப்படி உருவியதையே முதல் அறுவடையாக எடுத்துக்கொள்ளுங்கள். வேர் மடங்காமல் வந்த நாற்றை வேறு பாத்தியில் நட்டாலும் பிடிக்கும், கேரட் மாதிரி அடம் பிடிக்காது.

இரண்டாவது காரணம் கோழி எரு. அதில் தழைச்சத்து அதிகம். தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையை விரித்துக்கொண்டே போகும், கிழங்கில் சேர்க்காது. பீட்ரூட்டுக்கு நன்றாக மக்கிய மாட்டுச் சாணம் போதும். சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ போட்டு, விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே மண்ணோடு கலந்துவிடுங்கள். கிழங்குக்கு வேண்டியது சாம்பல் சத்து. நம் மலையில் வெந்நீர் அடுப்பு இல்லாத வீடு குறைவு. சீகை விறகோ, கவாத்து செய்த தேயிலைக் குச்சியோ எரித்த சாம்பலை ஒரு டின்னில் சேர்த்து வையுங்கள். சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி தூவிக் கொத்திவிட்டால் நல்லது. அந்த அடுப்பில் பிளாஸ்டிக்கும் பெயின்ட் அடித்த மரமும் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சாம்பல் காய்கறிக்கு ஆகாது. நிழலும் ஒரு காரணமாக இருக்கலாம். சில்வர் ஓக் மரத்தடி என்றால் நாள் முழுக்க மங்கிய வெளிச்சம்தான். ஆறு மணி நேரம் வெயில் படாத இடத்தில் இலையோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்தது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்று நினைப்பது. அதை உங்கள் மண்ணைப் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய முடியும். தேயிலை இருந்த நிலம் என்கிறீர்கள். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும். மண்ணின் புளிப்பைக் காட்டுகிற எண் பி.எச்., அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். பி.எச். நாலரையிலிருந்து ஐந்தரை வரை இருந்தால் அது செழிக்கும். பீட்ரூட்டுக்கு ஆறிலிருந்து ஏழு வரை வேண்டும். நீலகிரியில் மழை அதிகம், மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து காலங்காலமாகக் கரைந்து ஓடியிருக்கிறது, அதனால் இங்கே பொதுவாகவே மண் புளிப்பு. தேயிலைக்கு வருடக்கணக்கில் போட்ட யூரியாவும் அம்மோனிய உரமும் அதை இன்னும் கூட்டியிருக்கும். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து இந்த மலையின் குளிருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கீழ்நாட்டில் இன்றும் இவற்றை "இங்கிலீஷ் காய்" என்கிறார்கள். குளிர் பொருந்தும் என்பது உண்மை. மண் தானாகப் பொருந்தாது. அதை நாம்தான் பொருத்த வேண்டும்.

அதற்கு டோலமைட் தூள் நல்லது, அது ஒரு வகைச் சுண்ணாம்புக் கல் தூள், தேயிலை விவசாயிகள் வாங்குகிற கடையிலேயே கிடைக்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் என்று ஆரம்பிக்கலாம், ஆனால் மண் பரிசோதனை முடிவு வேறு அளவு சொன்னால் அதையே கேளுங்கள். விதைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு தூவி, அரை அடி ஆழத்துக்குக் கொத்திவிட வேண்டும். சுண்ணாம்பையும் புது எருவையும் ஒரே நாளில் கலக்காதீர்கள், எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். இன்னொன்று, சுண்ணாம்பு போட்ட பாத்தியில் அடுத்த போகம் உருளைக்கிழங்கு வைக்காதீர்கள். மண் புளிப்பு குறைந்தால் உருளையின் தோலில் சொறி நோய் கூடும். வேறு பாத்தியில் உருளை போட்டிருக்கிறீர்கள் என்றால் அங்கே அடுத்த முறை பீட்ரூட்டைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள். 1961-ல் நீலகிரியில் கண்டுபிடித்த தங்க நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்புழு, உருளை, தக்காளி குடும்பத்தை மட்டுமே பிடிக்கும். பீட்ரூட்டில் அது வளராது. கேரட், பீட்ரூட், கோஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டால் அந்தப் புழு பட்டினியில் குறையும்.

கிழங்கை வெட்டும்போது நடுவில் கறுப்பாக, தக்கை பிடித்தது போல ஏதாவது பார்த்தீர்களா? நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. பார்த்திருந்தால் அது போரான் என்ற நுண்சத்தின் குறை. மழையில் அரித்த மண்ணில் இது வரும், சுண்ணாம்பு அதிகமாகப் போட்டாலும், நடுவில் மண் காய்ந்துபோனாலும் கூடும். சதுர மீட்டருக்கு போரான் உள்ள உப்பான போராக்ஸை ஒரே ஒரு கிராம் தண்ணீரில் கரைத்துப் பாத்தி முழுக்கச் சீராக ஊற்றினால் போதும். இதில் அளவுதான் எல்லாம். ஆரம்ப காலத்தில் நான் கண்ணளவில் கரைத்து ஊற்றினேன். பீட்ரூட் தாங்கிக்கொண்டது. ஆனால் அடுத்த போகம் அதே பாத்தியில் வைத்த பீன்ஸ் முழுவதும் இலை ஓரம் கருகி, பூவே பிடிக்காமல் போனது. பீன்ஸுக்குப் போரான் கொஞ்சம் மிஞ்சினாலும் ஆகாது. அன்றிலிருந்து எடை பார்க்காமல் அதைத் தொடுவதில்லை. அறிகுறி தெரியாதவரை நீங்களும் தொட வேண்டாம்.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விதைப் பாக்கெட்டில் அறுபது, எழுபது நாள் என்று போட்டிருக்கும். நம் குளிரில் அந்தக் கணக்கு ஓடாது. ஊட்டியிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக நிலையம் வெளியிட்ட ஊட்டி 1 ரகத்துக்கு 120 நாள் என்பது கணக்கு. மலைக்கு ஏப்ரல், மே விதைப்பு உகந்தது, தண்ணீர் வசதி இருந்தால் மற்ற மாதங்களிலும் போடலாம். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை ஓங்கி அடிக்கும். அப்போது விதைத்தால் மேல்மண் இறுகி முளை வெளியே வர முடியாமல் தவிக்கும். மார்கழி, தை உறைபனி நாட்களில் பள்ளமான இடத்தில் இளஞ்செடியை விட்டுவைக்காதீர்கள். விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். விதைத் தோலில் முளைப்பைத் தடுக்கிற பொருள் இருக்கிறது, அது ஊறிய தண்ணீரோடு போய்விடும். கிழங்குப் பயிரைத் தேய்பிறையில் விதைக்க வேண்டும் என்று இங்கே பலர் சொல்வார்கள். நான் இரண்டிலும் விதைத்திருக்கிறேன், என் பாத்தியில் வித்தியாசம் கண்டதில்லை. அந்த வழக்கம் பார்க்கிறவர்களை நான் தடுப்பதும் இல்லை.

முள்ளம்பன்றியைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கிழங்கு இனிப்பு ஏறுகிற சமயம் ராத்திரியில் வந்து வரிசையாகத் தோண்டித் தின்றுவிடும். வேலியின் அடிப்பாகத்தை ஓர் அடி மண்ணுக்குள் புதைத்தால்தான் தாங்கும். இலையில் சாம்பல் நிற வட்டமும் அதைச் சுற்றிச் செந்நிற வளையமும் வந்தால் அது இலைப்புள்ளி நோய், மூடுபனி நாட்களில் பரவும். அடி இலையைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, செடிக்கு நடுவே காற்றோட்டம் விடுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு மருந்து தேவைப்பட்டதாக எனக்கு அனுபவம் இல்லை.

சரி, மண் வாசத்துக்கு வருவோம். அந்த வாசத்துக்குக் காரணமான பொருளின் பெயர் ஜியோஸ்மின். முதல் மழை மண்ணில் விழும்போது எழுகிற வாசமும் அதேதான். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால் நீங்கள் சரியாகக் கழுவவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எத்தனை கழுவினாலும் அது முழுதாகப் போகாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன என்பது உறுதியானது. கிழங்கில் இருப்பது மண்ணிலிருந்து ஏறியதா, செடியே உண்டாக்கியதா என்பதில் பேச்சு இருந்தது. நுண்ணுயிர் நீக்கிய மண்ணில் வளர்த்த பீட்ரூட்டிலும் அது இருந்ததாக ஆய்வுகள் சொல்வதால், செடியே உண்டாக்குகிறது என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன். நமக்கு வேண்டியது இரண்டு விஷயம். அது தோலில்தான் அதிகம், புளிப்பு பட்டால் உடையும்.

அதனால் சமையல் வழி இப்படிப் போகிறது. கிழங்கு எலுமிச்சைக்குச் சற்றுப் பெரிதாக, குறுக்களவு ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் இருக்கும்போதே பிடுங்குங்கள். அதற்கு மேல் விட்டால் நார் பிடிக்கும். இலையைக் கத்தியால் அறுக்காமல் கையால் திருகி, இரண்டு விரல் நீளத் தண்டை விட்டுவிடுங்கள். வால் வேரையும் வெட்ட வேண்டாம். முழுதாக, தோலோடு வேகவைத்தால் நிறமும் இனிப்பும் தண்ணீரில் கரையாது. வெந்து ஆறியதும் கட்டை விரலால் தள்ளினாலே தோல் வழுக்கிக்கொண்டு வரும், வாசத்தில் பாதி அதோடு போய்விடும். நீங்கள் கீழிருந்து வந்தவர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பீட்ரூட்டை வைத்தால் ஒரு மணி நேரம் ஆகியும் நடுவில் கடுக்கென்று இருக்கும். குக்கர் வையுங்கள். கோவையில் நாலு விசில் விட்டிருந்தால் இங்கே ஆறு விடுங்கள்.

பிள்ளைகளுக்கு முதலில் பச்சடியாகக் கொடுத்துப் பாருங்கள். வெந்த பீட்ரூட்டைத் துருவி, கெட்டித் தயிரில் கலந்து, உப்பு, பச்சை மிளகாய் ஒன்று, தேங்காய் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். தயிரின் புளிப்பு வாசத்தை அடக்கும், நிறத்தையும் காக்கும். அந்தச் சிவப்பைத் தருகிற பெட்டாலைன் புளிப்பில் பளிச்சென்று நிற்கும், சோடா மாவு பட்டால் மங்கிப் பழுப்பு மஞ்சளாகிவிடும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா போடுகிற பழக்கம் இருந்தால் இதில் வேண்டாம். பொரியல் செய்வதாக இருந்தால் பச்சையாகத் தோல் சீவி, துருவி, சின்ன வெங்காயம் வதங்கியபின் போட்டு, தண்ணீரே தெளிக்காமல் மூடி எட்டு நிமிடம் வையுங்கள். கடைசியில் தேங்காய்த் துருவல். அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். இலையையும் தண்டையும் பொடியாக நறுக்கி, வெந்த துவரம்பருப்பில் பூண்டு, சீரகம், கொஞ்சம் புளிக்கரைசல் சேர்த்துக் கடைந்தால் சுடு சோற்றுக்கு அவ்வளவு பொருத்தம். எங்கள் வீட்டில் கிழங்கைவிட இந்தக் கடைசலுக்குத்தான் போட்டி.

இனி மாமியார் விஷயம். பீட்ரூட் சாப்பிட்டபின் சிறுநீரோ மலமோ சிவப்பாகப் போவது நூற்றில் பத்துப் பதினான்கு பேருக்கு நடக்கும். அந்த நிறமிதான் காரணம், தனியாகப் பார்த்தால் கெடுதல் இல்லை. ஆனால் இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அதனால் அவருக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. பீட்ரூட்டை நிறுத்தி இரண்டு நாள் கழித்தும் சிவப்பு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள், அதைப் பீட்ரூட் என்று விட்டுவிடக் கூடாது. "ரத்தம் ஊறும்" என்பது நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. நூறு கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஃபோலேட் நன்றாக இருக்கிறது, அதுவும் ரத்த அணுக்களுக்கு வேண்டியதுதான், ஆனால் ரத்தசோகைக்கு மருந்தாக இதை நம்ப முடியாது. வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் வந்திருந்தால் இலையைத் தவிர்க்கச் சொல்வேன், அதில் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் மிக அதிகம். கிழங்கையும் அளவோடு, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தயிரோடு சாப்பிடட்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் தினம் ஜூஸாகக் குடிக்க ஆரம்பிக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும், பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும்.

இப்போது நிற்கிற பாத்தியை அழித்துவிடாதீர்கள். நாளைக்குத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலையில் ஒவ்வொரு கொத்திலும் தடிமனான ஒன்றை மட்டும் விட்டு மற்றதை உருவிக் கடைசலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கிற செடிக்கு அடியில் சாம்பல் தூவி லேசாக மண் அணையுங்கள், கோழி எருவை நிறுத்துங்கள், மண் காய விடாமல் பாருங்கள். நாலு வாரத்தில் பாதிக்கு மேல் உருள வாய்ப்பு இருக்கிறது, எல்லாமும் உருளும் என்று சொல்ல மாட்டேன். அதற்குள் மண் மாதிரி எடுத்துவிடுங்கள். சாம்பல் தூவுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஐந்தாறு இடத்தில் 'வி' வடிவில் அரை அடி ஆழக் குழி வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவைத் துணிப்பையில் கட்டித் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வந்ததும் பி.எச். எண்ணை இங்கே எழுதினால் டோலமைட் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.